புருஷன் பேரைச் சொன்னால்தான் ஓட்டு

எலெக்‌ஷன் டியூட்டிக்குப் போய்விட்டு வரும் இந்தக் காலத்து டீச்சர்கள் வெயிலைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் குறைபட்டுக்கொள்வதைக் கேட்கிறேன். நியாயமான குறைதான். நான் முதன்முதலில் பெண்கள் பூத்தில் உட்கார்ந்தபோதும் வெயில் இருந்தது, சாப்பாடு இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. ஓட்டுப் போட வந்த பெண்கள் வாயைத் திறக்க மறுத்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. என் பெயர் செசிலி, சாந்தோம்காரி. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். பள்ளியை ஆரம்பித்தவர் எங்கள் டிவிஷனின், இப்போது வார்டு என்கிறார்களே அதன், நகரசபை அங்கத்தினர். தொழில் வக்கீல். ஊரில் எல்லோருக்கும் அவர் வக்கீலய்யா, எனக்கும் அப்படித்தான்.

மயிலாப்பூரில் சில தெருக்களும் நொச்சிக்குப்பமும் சேர்ந்தது எங்கள் டிவிஷன். சீர்திருத்தத்துக்குப் பேர்போன இடம். எங்கள் பள்ளியில் எல்லா ஜாதிப் பெண்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். வக்கீலய்யா வீட்டுக் கூடத்தில் விதவைக் கல்யாணம் நடந்திருக்கிறது. மற்ற இடங்களில் இதற்கெல்லாம் கல்லடி விழும், எங்கள் பக்கம் ஓட்டு விழுந்தது. இருபதுகளில் அவரை எதிர்த்து நிற்கவே ஆள் அகப்படாது.

பள்ளிக்கூடம் நகரசபை கொடுக்கும் கிராண்டுப் பணத்தில் நடந்தது. அவர் தோற்றால் கிராண்டு நிற்கும், கிராண்டு நின்றால் பள்ளியை மூட வேண்டியதுதான். ஆகவே எலெக்‌ஷன் என்று வந்துவிட்டால் டீச்சர்கள் எல்லோரும் அவருடைய ஏஜெண்டுகள். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகவே ஓடினேன், அவ்வளவு நம்பிக்கை அவர் மேல்.

1. ஒத்திகை

எலெக்‌ஷன் அறிவிப்பு வந்ததும் வக்கீலய்யா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அப்போது அவர் மயிலாப்பூர் வீட்டை விட்டு அடையாற்றில் பங்களா கட்டிக்கொண்டு போயிருந்தார். கேட்டில் காவல்காரன் நின்றான். பெயரைச் சொல்லி, காத்திருந்து, உள்ளே போனேன்.

“செசிலி, போன தடவை லேடீஸ் பூத்துல நடந்த கூத்து உனக்குத் தெரியுமில்ல? புருஷன் பேரைக் கேட்டா ஒருத்தியும் சொல்லலை. நம்ம டிவிஷன்ல இது நடக்கலாமா?” என்றார்.

வாக்காளர் பட்டியலில் பெண்களை ‘இன்னார் மனைவி இன்னார்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். ஒரே குப்பத்தில் எத்தனையோ அஞ்சலைகள் இருப்பார்கள். எந்த அஞ்சலை என்று தெரிய வேண்டுமானால் புருஷன் பெயர் வேண்டும். ஆனால் புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது ஊர் நம்பிக்கை. ஆகவே பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். அந்த மாதிரி நேரத்தில் கட்சி ஏஜெண்டு, ‘இவங்க இன்னார் சம்சாரம்’ என்று எடுத்துக் கொடுப்பது வழக்கம். எதிர்க்கட்சி ஏஜெண்டு மறுக்காவிட்டால் ஓட்டுச் சீட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

“இந்தத் தடவை ஒவ்வொருத்தியும் தானே வாயைத் திறந்து சொல்லணும். மீட்டிங்லயே சொல்லிட்டேன், பத்திரிகையிலயும் போட்டுட்டான். நீ பள்ளிக்கூடத்துல வச்சு ஒத்திகை நடத்து. பூத்துல யாருக்கும் எடுத்துக் குடுக்காதே” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பெருமை. மறுநாளே பள்ளிக்கூட ஹாலில் பெண்களைக் கூட்டினேன். ஒவ்வொருவராக எழுந்து நின்று புருஷன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றேன். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. நொச்சிக்குப்பத்து அஞ்சலைதான் முதலில் பேசினாள். தெருத்தெருவாக மீன் விற்பவள், அவள் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும்.

“இன்னா டீச்சர், ஓட்டுக் கேக்க வந்தியா, பாடம் கேக்க வந்தியா?” என்றாள்.

“ரெண்டுந்தான். சொல்லு அஞ்சலை” என்றேன்.

“உனுக்கு இன்னா, புருசனே இல்ல. பேரு சொல்றது சுளுவாத்தான் இருக்கும்.”

ஹாலே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், மனத்துக்குள் கோபம்தான். அஞ்சலை விடவில்லை.

“வக்கீலய்யா எங்க குப்பத்துல தண்ணிக் கொழா வச்சாரு. நல்லாத்தான் வச்சாரு, நான் இல்லேங்கல. ஒரு வருசமா தண்ணி வர்ல. அடையாறுக்கு நடந்து போய்ச் சொல்லலாம்னா, கேட்டாண்ட ஒருத்தன் நின்னுக்கினு ஐயா மீட்டிங்குல கீறாருன்றான். இன்னிக்கு மீட்டிங்கு, நாளிக்கு மீட்டிங்கு. எங்க பேரை அவரு கேக்கல, எங்க புருசன் பேரு மட்டும் அவருக்கு இன்னாத்துக்கு?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜானகி மாமி மயிலாப்பூர் மாடவீதிக்காரி. மாமியின் பெண் என் வகுப்பில் படித்தாள். மாமி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்:

“இதோ பாரு செசிலி. எங்காத்துப் பொண்ணு படிக்கறான்னா அது வக்கீலாலதான். என் ஓட்டு அவருக்குத்தான். ஆனா எங்காத்துக்காரர் பேரை இத்தனை வருஷமா ஆத்துக்குள்ளகூட நான் சொன்னதில்லே. சபையில சொல்லுன்னா எப்படிடீ? வேற என்ன வேணும்னாலும் கேளு.”

குழாய் விஷயத்தை வக்கீலய்யாவிடம் போய்ச் சொன்னேன். “குழாயை யார் வேணும்னாலும் வைப்பான், செசிலி. மனசைத் திருத்துறதுதான் கஷ்டம்” என்றார். எவ்வளவு பெரிய வார்த்தை என்று நினைத்துக்கொண்டு, அதை அப்படியே நொச்சிக்குப்பத்தில் போய்ச் சொன்னேன். அஞ்சலை மீன் கூடையை இறக்கி வைத்தாள்.

“மனசு சரியாத்தான் கீது டீச்சர். கொழாதான் கெட்டுப் போச்சு.”

நன்றி கெட்ட ஜனங்கள் என்று அன்று வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

2. பூத்துக்குள்ளே

பெண்கள் பூத்து எங்கள் பள்ளியிலேயேதான். பிரிசைடிங் ஆபீசர் ஒரு ஆங்கிலோ-இந்திய லேடி டாக்டர். நல்ல மனுஷி, ஆனால் தமிழ் அரைகுறை. ஒரு மூலையில் திரை கட்டி அதன் பின்னால் பெட்டிகளை வைத்திருந்தார்கள். பச்சைப் பெட்டி எங்களுடையது, சிவப்பு எதிரணிக்கு. பெண்களை ஏற்றிவர எங்கள் செலவில் ஜட்கா வண்டி ஓடியது. வாசலில் எங்கள் பந்தலில் வெற்றிலை பாக்கு, மோர். கூட்டம் முழுக்க எங்கள் பந்தலில்தான். பார்க்க நிறைவாக இருந்தது.

எதிரணி ஏஜெண்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெயர் பாக்கியம், இதே பள்ளியில் என்னோடு படித்தவள். “நீயே இப்படிப் பண்ணலாமா?” என்று கேட்டேன். “படிச்சா எந்தப் பக்கம் வேணும்னாலும் உட்காரலாம்னுதானே படிக்க வச்சாங்க?” என்றாள்.

முதலில் வந்த பெண்கள் ஒத்திகையை மறந்தார்களோ, மறந்தது போல நின்றார்களோ, தெரியாது. வாய் திறக்கவில்லை. ஒவ்வொருத்தியும் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பாக்கியம் எழுந்து, “இவங்க இன்னார் வீட்டுக்காரம்மா, டாக்டரம்மா” என்பாள். சீட்டுக் கிடைக்கும். திரைக்குள் போகுமுன் அந்தப் பெண் பாக்கியத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள்.

பிறகு ஜானகி மாமி வந்தாள். எங்கள் ஜட்காவில் வந்து, எங்கள் மோரைக் குடித்துவிட்டு, எங்களுக்கே போட வந்த ஓட்டு.

“ஹஸ்பண்ட் பேர்?” என்றாள் டாக்டரம்மா.

மாமி என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல, “பாம்பு மேல படுத்துண்டிருக்காரே ஸ்ரீரங்கத்துல, அவர் பேர்தான்” என்றாள். ரங்கநாதன் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், டாக்டரம்மாவைத் தவிர.

“பாம்பா? பேர் சொல்லம்மா, பேர். இல்லேன்னா திரும்பிப் போ.”

மாமியின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. எனக்கு நாக்கு நுனிவரை பெயர் வந்துவிட்டது. வக்கீலய்யாவின் உத்தரவு நினைவுக்கு வந்தது, விழுங்கினேன். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நான் அன்று மத்தளம்.

பாக்கியம்தான் எழுந்தாள். மாமி யாருக்குப் போடப் போகிறாள் என்று அவளுக்கும் தெரியும். இருந்தும், “ரங்கநாதய்யர் சம்சாரம், டாக்டரம்மா. எனக்கு நல்லாத் தெரியும்” என்றாள்.

மாமி சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குள் போனாள். எந்தப் பெட்டியில் போட்டாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. வெளியே வந்தவள் என்னைப் பார்க்காமல் நடந்து போனாள். பந்தலுக்கும் போகவில்லை, ஜட்காவிலும் ஏறவில்லை.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. உத்தரவாவது மண்ணாவது என்று நானும் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். பாக்கியமும் நானும் போட்டி போட்டுக்கொண்டு ஊர்ப் புருஷன்மார் பெயரையெல்லாம் சொன்னோம். டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

3. அஞ்சலையின் குரல்

மத்தியானத்துக்கு மேல் குப்பத்துப் பெண்கள் வந்தார்கள். ஜட்கா அனுப்பியும் ஏறாமல் நடந்தே வந்தார்கள். முன்னால் அஞ்சலை. அவளைக் கண்டதும் நான் எழுந்து, “டாக்டரம்மா, இவங்க...” என்று தொடங்கினேன்.

“நீ சும்மாரு டீச்சர். நானே சொல்றேன்.”

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மீன் விற்கிற அதே குரலில் சொன்னாள்: “எம் பேரு அஞ்சலை. எம் புருசன் பேரு மாசிலாமணி.”

வாசல் வரைக்கும் கேட்டது. பின்னால் நின்ற ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குப் புல்லரித்தது. இந்த ஓட்டு நமக்கு என்று அந்தக் கணமே முடிவு கட்டிவிட்டேன். அவள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும் வராந்தாவுக்கு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நல்லாச் சொன்னே அஞ்சலை. ஐயா கேட்டா எவ்வளவு சந்தோஷப்படுவார் தெரியுமா?”

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நிதானமாகச் சொன்னாள்.

“அவரு சொன்னது தப்பில்ல டீச்சர். ராவெல்லாம் ரோசனை பண்ணேன். எத்தினி பொம்பள பேரு சொல்லாம கீறா, அப்பவும் எத்தினி புருசன் கடல்ல செத்துக்கினுதான் கீறான். பேருக்கும் ஆயுசுக்கும் இன்னா கீது? அது அவரு சொல்லித்தான் புரிஞ்சுது. வாயத் தொறன்னாரு, தொறந்தேன். தொறந்த வாயால கொழாயக் கேட்டேன், பதிலு சொல்லல. செகப்புலதான் போட்டேன்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். வருத்தமாகத்தான் சொன்னாள்.

4. பிறகு

வக்கீலய்யா தோற்றுப் போனார். நொச்சிக்குப்பம் மட்டுமல்ல, விதவைக் கல்யாணத்துக்கு மாலை கொண்டு வந்த தெருக்களே கைவிட்டுவிட்டன. கூட இருந்தவர்கள், ஜனங்கள் பழைய பத்தாம்பசலித்தனத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்றும், இந்த ஊர் உருப்படாது என்றும் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போன பிறகு அவர் என்னைக் கேட்டார்.

“நீ சொல்லு செசிலி. எங்கே கோளாறு?”

அஞ்சலை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். குழாயைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

“சத்தமாவா சொன்னா, புருஷன் பேரை?”

“வாசல் வரைக்கும் கேட்டுதுங்க ஐயா.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “அப்போ ஒருத்தி பாஸ்” என்றார். பிறகு, “நான்தான் பெயில்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில வருஷம் கழித்து எனக்கும் கல்யாணம் ஆயிற்று. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் புருஷன் பெயர் கேட்டார்கள். ஊருக்கெல்லாம் ஒத்திகை நடத்திய செசிலி டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றாள். ஜானகி மாமியை அன்றுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடம் என்னவாயிற்று என்று சொல்ல வேண்டும். புது அங்கத்தினர் வந்ததும் குப்பத்தில் குழாயைச் சரிசெய்தார். பிறகு எங்கள் கிராண்டை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தது. நாங்கள் டீச்சர்கள் மனு எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். கேட்டில் வழக்கம்போல ஒரு காவல்காரன் நின்றான், ஐயா இல்லை என்றான். நாங்கள் திரும்பத் தயாரானோம்.

அப்போது நொச்சிக்குப்பத்துப் பெண்கள் வந்தார்கள். மாடவீதியிலிருந்து ஜானகி மாமியும், கூடவே பாக்கியமும். யாரும் கூப்பிட்டு வரவில்லை, பள்ளியை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தாமாகவே வந்தார்கள். அஞ்சலை காவல்காரனை ஒதுக்கிவிட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். ஐயா என்றும் கூப்பிடவில்லை, எஜமான் என்றும் கூப்பிடவில்லை. அங்கத்தினருடைய பெயரை, அவர் தகப்பன் வைத்த பெயரை, மாடி ஜன்னலைப் பார்த்து நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். வீட்டில் இல்லாத மனுஷர் இறங்கி வந்தார்.

கிராண்டு நிற்கவில்லை. அந்தப் பள்ளியிலிருந்துதான் நான் ரிட்டையர் ஆனேன்.

டியூட்டிக்குப் போகும் பெண்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நேற்றுவரை நம்மோடு இருந்தவர்கள் எதிர்ப்பெட்டியில் போட்டுவிட்டால், நாம் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று தோன்றும்; நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். அஞ்சலை ஒன்றையும் எறியவில்லை. பத்திரமாக வைத்திருந்து, வக்கீலய்யாவிடம் குழாயையும் புது அங்கத்தினர் கேட்டில் பள்ளிக்கூடத்தையும் வாயைத் திறந்து கேட்டாள். ஒருவர் காதில் விழவில்லை, இன்னொருவர் இறங்கி வந்தார்.