சுருக்கமா சொன்னா, மக்களே...

போன சனிக்கிழமை மயிலாப்பூர் லஸ் முனையில் காபிப் பொடிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி சொன்னாள்:

"ஐயோ, செம பூமர் எனர்ஜிடி."

சட்டென்று திரும்பினேன். என்னைத்தான் என்று நினைத்தேன். நினைக்கக் காரணம் இருந்தது. சிக்கரி எத்தனை சதவிகிதம் என்பதைப் பில்லிலேயே எழுதித் தரும்படி அப்போதுதான் கடைக்காரரிடம் கேட்டிருந்தேன். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது போனில், வேறு யாரையோ.

"சாரி சார், உங்கள சொல்லல" என்றாள், பதறிப்போய்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

பூமர் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மொழியில் பழைய பஞ்சாங்கம், அறிவுரை அங்கிள் என்று பொருள். வசவுதான். அந்த வசவுக்காக ஏங்குகிற ஓய்வூதியரை நீங்கள் பார்த்ததுண்டா? இதோ, பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் கோப்பு எழுதியவன். ஓய்வு பெற்றதும் எங்கள் அடுக்ககத்தின் செக்ரட்டரி ஆனேன். மயிலாப்பூரில் எட்டே வீடுகள். போட்டியின்றித் தேர்வு... போட்டிக்கு யாரும் வரவில்லை என்பதைவிட, கூட்டத்துக்கே யாரும் வரவில்லை என்பதுதான் சரி.

வாட்ஸப் குழுவில் நான் போடும் சுற்றறிக்கைகள் முறையானவை. 'பொருள்: மேல்நிலை நீர்த்தொட்டி – சுத்தம் செய்தல் – குடிநீர் நிறுத்தம் – தொடர்பாக' என்று ஆரம்பித்து, நான்கு பத்தி போய், 'ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று முடியும். எட்டு வீட்டிலும் நீல டிக் விழும். மறுநாள் எட்டு வீட்டிலும் தலையில் ஷாம்பு நுரையோடு யாராவது போன் செய்து, "சார், தண்ணி வரலையே" என்பார்கள்.

இரண்டாவது மாடிக்கு யாழினி குடிவந்தது அப்போதுதான். ஈரோட்டுப் பெண். பெருங்குடியில் ஐ.டி. வேலை. அக்காவும் அவளுமாக வாடகைக்கு வந்தார்கள். அடுத்த தொட்டிச் சுற்றறிக்கையை நான் போட்ட இரண்டாவது நிமிடம், அதற்குக் கீழே ஒரு வரி வந்தது.

"சுருக்கமா சொன்னா, மக்களே: நாளைக்குப் பத்து டு ஒண்ணு தண்ணி நம்மள கோஸ்ட் பண்ணிடும். பக்கெட்ல புடிச்சு வைங்க."

பதினொரு சிரிப்பு, நான்கு இதயம். மறுநாள் ஒரு போன்கூட வரவில்லை.

நான் சும்மா இருப்பேனா? 'தங்கள் குறிப்பு செயலரின் முன் அனுமதி பெற்றதன்று' என்று அவளுக்குத் தனியாக அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"அங்கிள், பீக் பூமர் எனர்ஜி. ஆனா உங்க வைப் எனக்குப் புடிச்சிருக்கு."

நாற்பது வருடத் திருமண வாழ்க்கையில் என் வைப் பற்றி யாரும் இப்படிக் கருத்துச் சொன்னதில்லை. அது என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு நோட்டுப் போட்டேன். சொல், பொருள், குறிப்பு என்று மூன்று பத்தி கோடு கிழித்து.

கோஸ்ட் பண்ணுதல் – பதில் தராமல் நிலுவையில் வைத்தல். (இதைத்தான் வேலைக்காலம் முழுக்கச் செய்தோம். பெயர் தெரியாது.)

ரெட் ஃபிளாக் – ஒருவருடைய ரகசியக் குறிப்பேட்டில் ஏறும் பாதகமான குறிப்பு.

வைப் – நேர்முகத் தேர்வில் மதிப்பெண் போட முடியாத பகுதி.

கிரிஞ்ச் – கூச வைக்கிறது; திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்.

கடைசிச் சொல்தான் எனக்கு அதிகம் கிடைத்தது. கீழ்வீட்டுக்காரருக்கு ஹெர்னியா ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தபோது, குழுவில் நானே துணிந்து, 'அறுவை சிகிச்சை வேற லெவல்' என்று போட்டேன். அரை நிமிடத்தில் தனிச்செய்தி.

"அங்கிள், டெலீட் ஃபார் எவ்ரிஒன். இப்பவே. அவரு மனைவி பாக்கறதுக்குள்ள."

அதன் பிறகு ஒரு நடைமுறை உருவாயிற்று. சுற்றறிக்கையின் வரைவை முதலில் அவளுக்கு அனுப்புவேன். அவள் மின்ரயிலில் போகும்போது படித்துவிட்டு, "நாலாவது பாரா கிரிஞ்ச்" என்பாள். நான் எடுத்துவிடுவேன். என் வரைவில் கைவைக்க எத்தனை அதிகாரிகளை நான் விட்டிருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள்? ஒருவரையும் இல்லை.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. அக்காவுக்குக் கல்யாணம் ஆகிப் புனே போனாள். யாழினி தனியாக இருந்தாள்.

மூன்றாவது மாடி ராகவன் ஒருநாள் சட்டைப் பையில் எங்கள் சங்க விதிப் புத்தகத்தோடு வந்தார்.

"செக்ரட்டரி சார், விதி பதினாலு. குடும்பத்துக்கு மட்டும்தான் வாடகைக்கு விடணும்னு இருக்கு. இப்ப அந்தப் பொண்ணு தனி ஆள்."

"நல்ல பொண்ணு சார்."

"நல்ல பொண்ணுதான். நான் ஏதாவது சொன்னேனா? ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானே? நீங்க எழுதினதுதானே சார் இது?"

நான் எழுதியதுதான். விதி இருபத்திரண்டையும் நான்தான் எழுதினேன். 'சிறப்பு நேர்வுகளில் செயலர் விலக்கு அளிக்கலாம்.' ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். ஆனால், என்னோடு சிரித்துப் பேசுகிற பெண்ணுக்கு நான் சலுகை காட்டினேன் என்று நாளைக்கு யாராவது சொல்லிவிட்டால்? அப்படிப்பட்ட பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்து முப்பத்தாறு வருடம் ஓட்டியவன் நான். வீட்டு உரிமையாளருக்கு நகலிட்டு, ஒரு மாத அவகாசம் தந்து, வீட்டைக் காலி செய்யும்படி யாழினிக்கு வாட்ஸப்பில் நோட்டீஸ் அனுப்பினேன். பிழையில்லாத நோட்டீஸ். முதல் முறையாக அவளிடம் வரைவு காட்டாமல் அனுப்பியது.

அதற்குக் கீழே எந்த வரியும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கதவைத் தட்டினாள். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது.

"அங்கிள், இன்னொரு மாசம் எக்ஸ்டென்ஷன் கிடைக்குங்களா? பாத்த வீடு எதுவும் செட் ஆகல. தனியான்னாலே யோசிக்கறாங்க."

உள்ளே வா என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம்கூட எனக்குத் தெரியும்.

"எழுத்து மூலமா குடும்மா" என்றேன்.

"எழுதிக் குடுத்தா கிடைக்குங்களா?"

"பரிசீலிக்கப்படும்."

அவள் சிரித்தாள். கேலி இல்லாத சிரிப்பு. அதுதான் என்னவோ போல் இருந்தது.

"ஓகே சார்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

சார்.

மறுநாள் ஒரு கடிதம் கதவிடுக்கில் இருந்தது. நீட்டிப்புக் கேட்டு அல்ல. 'பார்வை: தங்கள் நோட்டீஸ்' என்று தொடங்கி, 'குறிப்பிட்ட தேதியில் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைப்பேன் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று முடிந்தது. தேதி, இடம், கையொப்பம், எல்லாம் அதனதன் இடத்தில். ஒரு வைப் இல்லை, ஒரு மக்களே இல்லை. இரண்டு வருடமாக என் சுற்றறிக்கைகளை அவள் எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. திருத்த ஒரு புள்ளிகூட இல்லாத அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் என் மனைவியிடம் காட்டினேன்.

"இனிமே உங்க நோட்டீஸ அவளே எழுதிடுவா போல" என்றாள் மனைவி. "இருந்தா."

வேளச்சேரிக்குப் போனாள். நான் குழாய்களைத் திறந்து மூடிப் பார்த்து, சுவரில் ஆணி எண்ணி, ஆட்சேபணையின்மைச் சான்று கொடுத்தேன். ஆட்சேபணை இல்லை என்று நான் எழுதிய பொய்களில் அதுவும் ஒன்று. பெற்றுக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்றாள். குழுவிலிருந்து அவள் பெயரை நீக்கியதும் நான்தான். அந்தப் பொத்தானை அழுத்தும் அதிகாரம் செயலருக்கு மட்டுமே உண்டு.

அதற்கடுத்த சுற்றறிக்கை லிஃப்ட் பராமரிப்பு பற்றியது. போட்டுவிட்டு, காரணமில்லாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீல டிக் விழுந்தது. கீழே ஒன்றும் இல்லை. மறுநாள் லிஃப்ட் முன்னால் நான்கு பேர் நின்றார்கள்.

வாட்ச்மேன் தாஸும் அந்தக் குழுவில் இருக்கிறான். அவன்தான் நேராகச் சொன்னான்.

"இன்னா சார், நீ போடறது யார்க்கு சார் புரியுது? அந்த யாழினிப் பொண்ணு கீய ஒண்ணு போடும்ல, அத்தத்தான் நான் படிப்பேன். உன்னுது பெர்சா கீது. தல சுத்துது."

"இனிமே அது வராது தாஸு."

"தெரியும் சார். நீதான அனுப்சிட்ட."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், நடைமுறை. அதையே செய்தேன். இருபத்தொரு நாள் அறிவிப்பு கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்டினேன். வீடுவீடாகப் போய் ஆள் சேர்த்தேன். விதி பதினாலை நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தேன்.

"இப்ப எதுக்கு சார் இது? அங்கதான் புதுசா ஃபேமிலி வந்தாச்சே" என்றார் ராகவன்.

அவர் சொன்னது சரி. இரண்டாவது மாடிக்கு நான்கு பேர் கொண்ட குடும்பம் வந்துவிட்டது. விதிப்படி குடும்பம். என்னைப் பார்த்தால் விதிப்படி வணக்கம் வைக்கிறார்கள். அவளுக்கு இந்தத் தீர்மானத்தால் ஒரு பயனும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஐந்துக்கு மூன்றில் நிறைவேறியது.

தீர்மானத்தைக் குழுவில் போட்டேன். பொருள், பார்வை, நான்கு பத்தி. பிறகு, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நானே கீழே ஒரு வரி சேர்த்தேன்.

"சுருக்கமா சொன்னா: இந்த பில்டிங்ல ரெட் ஃபிளாக் செக்ரட்டரிதான்."

ராகவன் ஒரு கேள்விக்குறி போட்டார். தாஸ் கட்டை விரல் போட்டான். நான் அதைப் படம் பிடித்து யாழினிக்கு அனுப்பினேன். அவள் போன பிறகு நான் அனுப்பிய முதல் செய்தி. வேறு எதுவும் எழுதவில்லை. எழுதிப் பார்த்த நான்கு வரைவும் 'வருந்துகிறேன்' என்பதைச் செயப்பாட்டு வினையில் சொல்லியிருந்தன.

காலையில் அனுப்பினேன். பதினொரு மணிக்கு நீல டிக். மதியம் ஒன்றுமில்லை. மூன்று மணிக்கும் ஒன்றுமில்லை. நிலுவையில் கிடப்பது எப்படி இருக்கும் என்று, எத்தனையோ பேரை நிலுவையில் போட்டவன், அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். காபி ஆறிப்போனது. மனைவி இரண்டாவது முறை சூடு பண்ணித் தந்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனாள்.

ஐந்தரைக்கு வந்தது.

"கிரிஞ்ச், அங்கிள். 'மக்களே'ய விட்டுட்டீங்க."

சார் என்று இல்லை. இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.

திருத்தி மீண்டும் சமர்ப்பித்திருக்கிறேன். ஒப்புதல் இன்னும் வரவில்லை... காத்திருக்கிறேன்.