பதினான்காவது கிலோமீட்டருக்குப் பிறகு

தூக்கக் கலக்கம் என்றார்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும் என்றார்கள். பயத்தில் மனசு கதை கட்டும் என்று ஒரு டாக்டரே சொன்னார். மூன்றையும் கேட்டாகிவிட்டது. நாலாவதாக உங்களிடம் ஏதாவது இருந்தால், கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் கதை எழுதுகிற ஆள் இல்லை. சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. எங்கே தப்பு நடந்தது, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்று குறித்துவைத்தே பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். போன டிசம்பர், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. ஊர் பெங்களூர்.

என் பெயர் கவின். சொந்த ஊர் குடியாத்தம். ஈஜிபுராவுக்குக் குடிவந்து அப்போது எட்டு மாதம். வீட்டுக்காரர் தமிழ், மெஸ் தமிழ், துணி தேய்க்கிறவர் தமிழ். ஆபீசில் இங்கிலீஷ். கன்னடமே தெரியாமல் காலத்தை ஓட்டுகிறேன் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். எஷ்டு என்றால் எவ்வளவு, ஸ்வல்ப என்றால் கொஞ்சம், கொத்தில்ல என்றால் தெரியாது. இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டே ஆட்டோ ஏறி இறங்கிவிடுவேன்.

கீழ் வீட்டில் சந்திரன் அண்ணன் இருந்தார். முப்பத்தெட்டு வயது. கூரியர் கிடங்கில் சூப்பர்வைசர். என்னை ஓட்டத்துக்கு இழுத்துவிட்ட புண்ணியவான் அவர்தான். கால் வலி என்றால் "சாக்கு" என்பார். மழை என்றால் "சாக்கு" என்பார். ஒருநாள் நிஜமாகவே காய்ச்சல் வந்து தெர்மாமீட்டரைக் காட்டினேன். "அதுவும் உன்கூட சேர்ந்து சாக்கு சொல்லுது" என்றார். அப்படி ஒரு மனிதர்.

இன்னொரு ஆள் நிருபமா. என் டீமில் வேலை செய்கிறாள். இங்கேயே ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். ஏற்கெனவே நான்கு அரை மாரத்தான் ஓடியவள். எனக்கும் அண்ணனுக்கும் இதுதான் முதல் தடவை. இருபத்தொரு கிலோமீட்டர்.

பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணனின் மனைவி ராதா அக்கா என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"கவின், அவருக்கு பிரஷர் இருக்குதுபா. ஓடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா நெஞ்சு படபடன்னு வந்தா உடனே நிறுத்திடணும்னு சொன்னாரு. இவரு நிறுத்த மாட்டாரு."

"நான் பாத்துக்கறேன்க்கா."

"கூடவே இருப்பா. முடியற எடத்துக்கு நான் வந்துடறேன். அதுவரைக்கும் உன் பொறுப்பு."

தைரியமாகத் தலையாட்டினேன். அவரைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரே வேலைதான்.

சின்னப் பந்தயம். நானூறு பேர் இருந்தால் அதிகம். அல்சூர் ஏரிக்கரையில் தொடங்கி, பக்கத்துச் சாலைகளைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் ஏரிக்கே வர வேண்டும். ஒரு சுற்று ஏழு கிலோமீட்டர், மொத்தம் மூன்று சுற்று. வண்டிகள் நடமாட ஆரம்பிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் காலை நான்கு மணிக்கே தொடக்கம். நல்ல குளிர். தெருவிளக்கைச் சுற்றிப் பனி. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.

"மொத சுத்துலயே ஹீரோ ஆகாதீங்க" என்று சொல்லிவிட்டு நிருபமா முன்னால் போய்விட்டாள்.

முதல் சுற்று சுகமாகப் போனது. அண்ணன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். இரண்டாவது சுற்றில் பேச்சு குறைந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. ஹஸ்... ஹஸ்... பத்தடி தள்ளி ஓடினாலும் கேட்கும். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் இருபது நொடி, ஏழு முப்பத்தைந்து என்று என் கடிகாரம் ஏற்ற இறக்கமாகக் காட்டியது.

பதின்மூன்றாவது கிலோமீட்டரில் அவர் விலாவில் கை வைத்தார்.

"அண்ணா, நிறுத்திக்கலாம்."

"உனக்கு முடியல. என்மேல சாக்கு போடறியா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். அங்கேயே அவர் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை.

5:43. பதினான்காவது கிலோமீட்டர். இரண்டாவது சுற்று முடிந்து மறுபடியும் ஏரி. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கம்பி வேலி ஓரமாகப் போனார். முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். தண்ணீர் மேசை எதிர்ப்பக்கம் இருந்தது. நான் போய் ஒரு கப் குடித்துவிட்டு, அவருக்கு ஒரு கப் எடுத்துக்கொண்டு திரும்பினேன். இருபது நொடி இருக்கும்.

அவர் அங்கே இல்லை.

ஐம்பதடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். எனக்காக நிற்கவில்லை. கப்பைப் போட்டுவிட்டு விரட்டிப் பிடித்தேன்.

"சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவர் நேராகப் பார்த்துக்கொண்டே ஓடினார். மூச்சு வாங்குவது நின்றிருந்தது. பரவாயில்லை, தேறிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தது எனக்கு.

5:50. கடிகாரம் அதிர்ந்தது. பதினைந்தாவது கிலோமீட்டர். சரியாக ஏழு நிமிடம்.

"ராதா எழுந்துட்டாளா?" என்று கேட்டார் அண்ணன்.

"கெளம்பியிருப்பாங்கண்ணா. நேரா அங்க வந்துடுவாங்க."



5:52. என் இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. வயசான ஆண் குரல். மெதுவாக...

"ஸாக்கு... ஸாக்கு..."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பனி, மரம், பூட்டிய கடைகள், அவ்வளவுதான். யாரோ தமிழ்க்காரர் எங்களைக் கிண்டல் செய்துவிட்டுச் சந்தில் திரும்பியிருப்பார் என்று நினைத்தேன். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிலர் சாக்கு என்பதை ஸாக்கு என்றுதான் சொல்வார்கள் போல என்று அதற்கும் நானே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டேன்.

எட்டு மாதமாக அந்த வார்த்தையால் அடி வாங்கியவன் நான். விடுவேனா?

"அண்ணா, கேட்டுச்சா? ஊரே உங்கள சாக்குன்னு சொல்லுது. ஓடுங்க, ஓடுங்க."

அவர் ஓடினார்.

5:57. பதினாறாவது கிலோமீட்டர். கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம். ஒரு நொடி கூட முன்னே பின்னே இல்லை.

"ராதா எழுந்துட்டாளா?"

அதே கேள்வி, அதே குரல், அதே இழுப்பு. ரெக்கார்டு செய்து போட்டது மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவர் சட்டையைக் கவனித்தேன். காய்ந்திருந்தது. அடுத்த தெருவிளக்கைத் தாண்டும்போது என் வாயிலிருந்து புகை வந்தது. அவர் பக்கம் பார்த்தேன்.

வரவில்லை.

"ஸாக்கு... ஸாக்கு..."

இந்தத் தடவை குரல் எங்கள் இருவருக்கும் நடுவில் கேட்டது. அதில் கிண்டல் இல்லை. கெஞ்சுகிற குரல்.

காதைத் தீட்டிக்கொண்டு ஓடினேன். என் ஷூ சத்தம் கேட்டது. டப்... டப்... கூடவே இன்னொரு சத்தம். பத்... பத்... அது ஷூ சத்தம் இல்லை. வெறுங்கால்.

அண்ணன் ஷூ போட்டிருந்தார்.

அவர் கால் சத்தம் கேட்கவே இல்லை.

6:04. பதினேழு. ஏழு நிமிடம்.

"ராதா எழுந்துட்டாளா?"

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓடினேன். கண் திறந்திருந்தது. வாய் மூடியிருந்தது. இமைக்கிறாரா என்று மனதுக்குள் எண்ணினேன். இருபது... முப்பது... நாற்பது...

இமைக்கவில்லை.

6:11. பதினெட்டு. ஏழு நிமிடம்.

"ராதா எழுந்துட்டாளா?"

"அண்ணா, நில்லுங்க. போதும்."

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. அவர் நிற்கவில்லை. என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார். என் கை தானாக நழுவியது.

"ஸாக்கு..."

பத்... பத்...

"ஸாக்கு... ஸாக்கு..."

நான் அழுதுகொண்டே ஓடினேன். விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. கூடவே இரு என்று அக்கா சொல்லியிருந்தாரே.

6:18.

பத்தொன்பதாவது கிலோமீட்டர். லேசாக வெளிச்சம் வந்திருந்தது. கடிகாரம் அதிர்ந்தது. அண்ணன் கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

கேட்கவில்லை.

அப்படியே முன்பக்கமாகச் சாய்ந்தார். கையைக்கூட ஊன்றவில்லை.

பக்கத்தில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

அதன் பிறகு பத்... பத்... இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்தே நிமிடத்தில் கையை விரித்துவிட்டார்கள். ராதா அக்கா வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வராந்தாவில் நிருபமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரோ கூடவே ஓடி வந்ததையும், சாக்கு, சாக்கு என்று சொன்னதையும், நானும் சேர்ந்து அவரைக் கிண்டல் செய்து ஓட வைத்ததையும் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"எப்படிச் சொன்னாங்க? அப்படியே சொல்லு."

"ஸாக்கு. ஸாக்கு."

"கவின்... அது சாக்கு இல்ல. கன்னடம். ஸாக்குன்னா போதும்னு அர்த்தம்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். போதும், போதும் என்று ஒருவர் கெஞ்சிக்கொண்டு வந்திருக்கிறார். நான் ஓடுங்க, ஓடுங்க என்று விரட்டியிருக்கிறேன். எட்டு மாதத்தில் அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொள்ள எனக்கு என்ன கேடு?

வெறுங்காலோடு ஓடினவர் யார் என்று நிருபமா விசாரித்தாள். பந்தயம் நடத்தியவர்களுக்குத் தெரியவில்லை. வழியில் தண்ணீர் கொடுத்தவர்கள், மூன்றாவது சுற்றில் எங்கள் இரண்டு பேருக்குப் பக்கத்தில் வேறு யாரும் ஓடவில்லை என்றார்கள். அதற்கு முன்பு அந்தப் பாதையில் யாராவது இறந்திருக்கிறார்களா என்றும் கேட்டாள். பந்தயம் நடப்பதே அதுதான் முதல் வருடமாம்.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து ராதா அக்கா என்னைக் கீழே கூப்பிட்டார். கையில் அண்ணனின் போனும் கடிகாரமும் இருந்தன.

"கடைசியா எவ்வளவு தூரம் ஓடினாருன்னு பாக்கணும். எடுத்துக் காட்டு."

போனில் அன்றைய ஓட்டக் கணக்கைத் திறந்தேன். தூரம் பத்தொன்பது கிலோமீட்டர். அதற்குக் கீழே இதயத்துடிப்பின் கோடு. 162... 171... 184... மேலே ஏறிக்கொண்டே போனது.

5:43-க்கு அந்தக் கோடு கீழே விழுந்தது.

பூஜ்யம்.

அங்கிருந்து பூஜ்யத்திலேயே நேராக ஓடியது. பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. 6:18 வரை.

கடிகாரம் சரியாகப் பதியாமல் இருந்திருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில டாக்டர் என்னைக் கேட்டாரு. உயிர் போயி ஒரு மணி நேரம் ஆயிருக்குமே, ஏன் இவ்வளவு லேட்டா கொண்டுவந்தீங்கன்னு. நீ எங்கயோ போட்டு வெச்சுட்டு அப்புறமா எடுத்துட்டு வந்தேன்னு உன்னத்தான் தப்பா நெனச்சேன் கவின்."

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அஞ்சு நாப்பத்தி மூணுக்கு அப்புறம் உன்கிட்ட ஏதாவது பேசினாரா?"

தொண்டை வரை வந்தது.

"இல்லக்கா. எதுவும் பேசல."

அக்கா கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்.

"நான் ஒரு பாவி. வந்து நிக்கறேன்னு சொல்லிட்டு, அன்னிக்குன்னு பாத்து தூங்கிட்டேன். மூணு அலாரம் அடிச்சிருக்குது. ஒண்ணும் காதுல விழல. திடுக்குன்னு முழிச்சு மணிய பாத்தா ஆறு பதினெட்டு."

நான் எழுந்து மேலே வந்துவிட்டேன். அண்ணன் என்னைக் கேட்டுக்கொண்டே வந்த கேள்வியை இன்று வரை அக்காவிடம் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது ராதா அக்காவைத் தெரிந்திருந்தால்... நீங்களும் சொல்லாதீர்கள்.