தாலியில்லாத கெட்டிமேளம்

என் தங்கையின் கல்யாணக் கச்சேரியை எங்கள் வீட்டில் இன்றும் சிரிப்புக் கதையாகச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று முதலில் சிரித்தவன் நான்தான்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷம். ஜெயமங்கலத்தில் காலையில் முகூர்த்தம். சாயங்காலம் அதே பந்தலில் உள்ளூர் மேளத்தின் கச்சேரி. பெரியகுளத்துக் கோயிலில் நாயனம் வாசிக்கும் இடம் காலியாகியிருந்தது. எங்கள் ஊர் நாயனக்காரரின் வாசிப்பைக் கேட்டுப் பார்க்கவே அந்தக் கோயில் தர்மகர்த்தா வந்திருந்தார்.

நான் மதுரையில் பி.ஏ. முடித்திருந்தேன். நாயனக்காரர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் சாதியார் முன்னால் மேளக்காரர்கள் நின்றுதான் வாசிப்பார்கள்.

“எந்திரிச்சு வாசி” என்றேன், என்னைவிட இருபது வயது மூத்தவரிடம்.

“தாலிக்கு நின்னு வாசிச்சாச்சுங்கய்யா. இது கச்சேரி. உக்காந்துதேன் வாசிக்கணும்.”

குரலில் பணிவு துளியும் குறையவில்லை. அதுதான் என்னை எரித்தது.

தோடியை எடுத்தார். பந்தல் அடங்கியது. தர்மகர்த்தா கண்ணை மூடித் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைக் கண்டதும் நான் தவில்காரர் எதிரே போய் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினேன். காலையில் மாப்பிள்ளை தாலியை எடுத்தபோது இவருக்கு அப்படிச் சைகை காட்டியவனும் நான்தான். அந்த விரலைக் கண்டால் தவில்காரர் கை யோசிப்பதில்லை. ராகத்தின் நடுவில் கெட்டிமேளம் வெடித்தது.

“ஏலே, மாப்பிள்ளைக்கு ரெண்டாந்தாலியா?” என்றார் பெரியப்பா.

“மொதத் தாலியிலயே இன்னும் மஞ்சக் காயலப்பா” என்றது ஒரு குரல்.

முதலில் நான் சிரித்தேன்; பிறகு பந்தலே சிரித்தது. கெட்டிமேளம் தொடங்கிவிட்டால் நாயனமும் சேர்ந்தாக வேண்டும், அதுவும் நின்றபடி. நாயனக்காரர் எழுந்து நின்று வாசித்து முடித்தார். நாயனத்தைத் துடைத்து உறையில் போட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

“கூட வந்த தவுலே இவன் சொல்லக் கேக்கல. சாமி முன்னால என்னத்த வாசிப்பான்?” என்று தர்மகர்த்தா எழுந்தார். வண்டி வரை நான் கூடவே நடந்தேன். என் விரல் செய்த வேலை என்று சொல்ல அந்தத் தூரம் போதும். சொல்லவில்லை. “பாத்துப் போங்க” என்றேன்.

அந்த இடம் வேறொருவருக்குப் போனது.

இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கும் எங்கள் ஊர் நாயனக்காரரே வாசித்தார். சாயங்காலம் யாரோ ஜமுக்காளம் விரித்தார்கள்.

“வேணாங்க. இங்கன நின்னே வாசிக்கிறேன்” என்றார்.

மாலையும் கழுத்துமாக நான் அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன்.