பன்னிரண்டாவது ஜட்கா

ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் அப்போது பன்னிரண்டு ஜட்காக்கள் நிற்கும். எதையும் எண்ணாமல் என்னால் தாண்டிப் போக முடியாது. கடைசி வண்டியில் மட்டும் குதிரை இல்லை. தன் பெண்குதிரை செத்த பிறகும், நெட்டையான அந்த வண்டிக்காரர் வண்டியைத் தானே இழுத்து வந்து வரிசையில் நிறுத்துவார். பேசும்போதெல்லாம், குதிரையின் முதுகைத் தட்டுவதுபோல ஏர்க்காலைத் தட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள், எண்ணூர் உப்பளத்தில் காட்டுத்தனமாகத் திரிந்த ஒரு குதிரைக்குட்டியைப் பிடித்து, தோலுக்காக வெட்டக் கட்டிவைத்திருந்தார்கள். அதைப் பார்த்த அவர் தன் ஜட்காவைத் தோல் வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, குட்டியைக் கயிற்றில் பிடித்து வந்தார்.

"வண்டிய குட்த்துட்டு குதிர வாங்கினு வந்துகீறியே மாமு, இத்த இன்னா உன் இடுப்புலயா பூட்டுவே?" என்று மற்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் அவர் குட்டியை உப்புப் படகில் ஏற்றி, கால்வாய் வழியாகப் பழவேற்காட்டுப் பக்கம் கொண்டுபோனார். குதிரைகள் மேயும் புல்திட்டு ஒன்றில் விட்டுவிட்டுத் திரும்பினார்.

எனக்கு ஆறவில்லை. "பழக்கியிருந்தா வண்டி இழுத்திருக்குமே. பொழப்பைக் கெடுத்துக்கிட்டீங்களே?" என்றேன்.

"எம் பொட்ட குதிரய சாவுற வரிக்கும் பூட்டிகினே இருந்தேன், சார். ஒரு நாளாவது அத்த சும்மா ஓட வுட்டேனா?"

பிறகு அவர் கால்வாய்க்கரையில் கூலிக்கு மூட்டை தூக்கினார். வடக்கேயிருந்து வரும் படகுக்காரர்களிடமெல்லாம், "எம் புள்ள கண்ல பட்டுச்சா?" என்று கேட்பார். பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.

அத்திப்பட்டு தாண்டி வடக்கே ரயிலில் போகும்போதெல்லாம் நான் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன். மாடுகளை எண்ணுகிறேன், கொக்குகளை எண்ணுகிறேன். ஒரு குதிரையைக்கூட இன்னும் எண்ணவில்லை.