குடையுடன் முதியவர் ஒருவர்

என் கணவருக்குப் பார்வை போன பிறகுதான், இணையக் கலைக்களஞ்சியத்தில் படங்களுக்கு விவரக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். திரையில் தெரியாத அந்தக் குறிப்பைக் கணினி அவருக்கு வாசித்துக் காட்டும். குறிப்பு இல்லையென்றால் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். "இலையைப் போட்டுட்டு சோறு விளம்பாம போற மாதிரில்லா இருக்கு" என்பார்.

எனக்கு ஒரே சட்டம்: படத்தில் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். யாராவது கதை சேர்த்தால் ஈவிரக்கமில்லாமல் வெட்டிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஆரியசாலைக் கடைத்தெரு பற்றிய பக்கத்துக்குப் படம் எடுத்தவள் நான்தான். மிளகாய் வாங்கிவிட்டு வெளியே வந்தால், நான் நிறுத்திய இடத்திலேயே என் கணவர் நின்றுகொண்டிருந்தார்; அப்படியே படம் எடுத்தேன். 'கடைவாசலில், கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிய குடையுடன் முதியவர் ஒருவர் நிற்கிறார்' என்று எழுதினேன். தடவிப் பார்த்தே தன் குடை என்று தெரியட்டும் என்று அந்த நூலைச் சுற்றிக் கொடுத்ததும் நான்தான். புத்தி எங்கே போயிற்றோ!

மறுநாள் கணினி அதை வாசித்தது. "ஆரு அந்த முதியவரு?" என்று கேட்டார்.

"யாரோ ஒருத்தர். உங்களுக்கு எதுக்கு?"

"முடியெல்லாம் நரைச்சுப் போச்சோ, பாவம்?"

"கொஞ்சம்" என்றேன். பார்வை போனபோது அவருக்கு ஒரு நரைகூட இல்லை. அவர் கை மெல்லத் தலையைத் தடவியது. நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

நாலைந்து நாள் கழித்து அந்தக் குறிப்பில் யாரோ கைவைத்திருந்தார்கள். 'முதியவர் ஒருவர் தம் மனைவிக்காகக் காத்து நிற்கிறார்.' எனக்கு எரிச்சல் வந்தது. மாற்றியது யார் என்றுகூடப் பார்க்காமல் நீக்கினேன். காரணம் எழுதும் இடத்தில், 'மனைவி எங்கே? படத்தில் இல்லாததை எழுதாதீர்கள்' என்று தட்டிவிட்டேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். காரியங்களெல்லாம் முடிந்தபின், 'முதியவர்' என்ற சொல்லையாவது எடுத்துவிடலாம் என்று பக்கத்தைத் திறந்தேன். பழைய மாற்றங்களின் பட்டியலில், நான் வெட்டிய வரிக்கு நேரே அவருடைய பெயர் இருந்தது. ஒவ்வொரு விசையாகத் தடவித் தடவி அடித்திருப்பார். அதன் கீழே என் கேள்வி. அதையும் கணினி அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் எழுதியதை அப்படியே திரும்பப் போட்டேன். காரணம் எழுதும் இடத்தில், 'மனைவி எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள்' என்று எழுதினேன்.