டாங்கி வெடிச்சுப் போச்சு

ரேடியேட்டர் வேலைக்காரனை ஒருவரும் நல்ல நேரத்தில் தேடி வருவதில்லை.

யுத்த காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் எனக்கு இரவு வேலை. பகலில் ஓடுகிற வானைப் பொழுதுபட்ட பிறகுதான் விடுவார்கள். விடியக் கொடுத்துவிட வேண்டும். தொழிலை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. கழற்றுகிற ஒழுங்கை ஒரு கொப்பியில் எழுதி, பூட்டும்போது அதைக் கீழிருந்து மேலாக வாசிப்பேன். எப்படியும் நித்திரை வராத ஆள் நான். எஞ்சின் கொதித்து நடுறோட்டில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், மிச்சத்தை நீங்களே சொல்லுவீர்கள்.

எங்கே சூடேறுகிறது

ஞானம் அண்ணை வெள்ளவத்தையில் ஸ்கூல் வான் ஓடுகிறவர். பதினொரு பிள்ளைகள். ஒரு நாள் பின்னேரம் வானைக் கொண்டுவந்து விட்டார். பொனட்டைத் திறந்தால் ரேடியேட்டரின் மேல் டாங்கி, அந்தப் பிளாஸ்டிக் மூடி, ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது.

"சூடேறினா நிப்பாட்டித் தண்ணி விடலாமே அண்ணை, ஏன் இவ்வளவு அவதி?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் வீடுகளுக்கும் இடையில் மூன்று செக்பொயின்ற், ஒவ்வொன்றிலும் ஆமிச் சென்றி இருப்பதை நான் யோசிக்கவில்லை.

"தம்பி, வான் சூடேறுறது எனக்குப் பிரச்சினை இல்லை. சென்றிக்கு முன்னாலை நிண்டு புகைச்சால், அவங்கள் முதல்ல சுட்டுப்போட்டுத்தான் ரேடியேட்டரோ எண்டு கேப்பாங்கள்."

ஒரு சொல்

எங்கள் தொழிலில் கீறல் என்று சொல்வதில்லை, வெடிப்பு என்போம். வேறு டாங்கி வாங்கிப் போடலாமா என்று கேட்க, சந்தியிலுள்ள கொம்யூனிகேஷன் கடையிலிருந்து ஞானம் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். லைன் சரியில்லை. கத்த வேண்டியிருந்தது. "அண்ணை, டாங்கி வெடிச்சுப் போச்சு! முழுக்க வெடிச்சிட்டுது! விடியிறதுக்கிடையிலை வேலையை முடிக்கிறன்!"

திரும்பிப் பார்த்தேன். வரிசையில் நின்ற நாலு பேரில் ஒருவரும் இல்லை. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"தம்பி, இனிமேல் உங்கட டாங்கி லீக் அடிக்கட்டும். என்ரை கடையிலை வெடிக்க வேண்டாம்."

பல்லு மடக்குதல்

அண்ணை சம்மதித்தார். டாங்கி மாற்றுவது பார்க்கச் சின்ன வேலை. ரேடியேட்டரின் உடலான கோரின் விளிம்பைச் சுற்றித் தகரப் பல்லுகள் இருக்கும். றப்பரை வைத்து, டாங்கியை மேலே இருத்தி, பல்லுகளை ஒவ்வொன்றாக மடக்க வேண்டும். ஒரு பக்கத்தால் தொடர்ந்து போனால் றப்பர் மற்றப் பக்கம் நழுவும். நடுவில் ஒன்று, எதிரே ஒன்று, கடைசியில்தான் மூலைகள். கூட வேலை செய்த சிங்கள வெல்டர் சரத் அய்யே, என்னைத் தம்பி என்பதற்கு 'மல்லி' என்கிறவர், டாங்கியை அமத்திப் பிடித்தார். நான் பல்லுக்குப் பல்லு நிறுத்தி, கொப்பியையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மல்லி, பல்லு டொக்டர் கூட இவ்வளவு நேரம் வாயைத் திறக்கச் சொல்றது இல்லை."

பொய்க் குமிழி

பூட்டினால் போதாது. ஹோஸ் வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, சீமெந்துத் தொட்டித் தண்ணீருக்குள் முழுதாக அமத்திப் பார்க்க வேண்டும். முதலில் வருகிற குமிழிகளை நம்பக் கூடாது. தகடுகளுக்குள் மாட்டுப்பட்ட காற்று அது, கையால் தடவினால் போய்விடும். நான் அதைப் பொய்க் குமிழி என்பேன். தடவத் தடவ அதே இடத்தில் வருவதுதான் மெய்.

அன்று பார்த்துக் கரண்ட் இல்லை. சரத் அய்யே பிடித்த டோர்ச்சில் பற்றரியும் இல்லாத மாதிரித்தான். மேல் மூலையில் ஒரு குமிழி வந்தது. தடவினேன், போனது. திரும்ப வருகிறதா என்று பார்ப்பதற்குள் வெளிச்சமும் போனது. விடியுமுன்பே கேற்றடியில் ஞானம் அண்ணை வந்துவிட்டார். பொய்க் குமிழிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வானில் பூட்டித் தண்ணீர் நிரப்பினேன்.

"டெஸ்ட் பண்ணினதோ?" என்றார். "ஓம்" என்றேன். அவர் பொனட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நீர் ஓம் எண்டா எனக்குக் காணும், வேறை ஒண்டும் பாக்கத் தேவையில்லை."

லீக்

வீட்டுக்குப் போய்ப் படுத்தால் கண்ணை மூடினதும் அந்தக் குமிழி. மத்தியானம் எழும்பி வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன். செக்பொயின்றில் எல்லோரையும் இறக்கினார்கள். முன்னால் ஞானம் அண்ணையின் வான், பொனட்டிலிருந்து வெள்ளையாக ஆவி. பதினொரு பிள்ளைகளும் மதிலோடு நின்றார்கள். அண்ணை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு ஓடினேன். பயத்தில் வந்தது தொழில் சொல்தான். அதையே சிங்களத்தில் போட்டு, "டாங்கி வெடித்துவிட்டது" என்றேன். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் சத்தம் அதிகம். ஆமிக்காரனின் துவக்கு முனை என் பக்கம் திரும்பியது.

அப்போதுதான் கொம்யூனிகேஷன்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. "லீக்! லீக்!" என்று கத்தினேன். ஆமிக்காரன் பொனட்டைத் திறக்கச் சொல்லிக் காட்டினான். எஞ்சின் ஆறும் வரைக்கும், எல்லோரும் பார்க்க, அவன் சொன்னபடி வெயிலில் முழங்காலில் இருந்தேன். பிறகு அவனே சென்றியிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். மேல் மூலையிலிருந்து, நான் தடவிவிட்ட அதே இடத்திலிருந்து, சொட்டுச் சொட்டாக வந்தது. அவன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். லீக்தானே இது என்று சிரித்தான்.

"லீக் எகக்னே!"

மறுபடி தொட்டியடியில்

ஞானம் அண்ணை பிள்ளைகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். வேறு கராஜுக்குப் போயிருந்தால் நானும் கோபித்திருக்க மாட்டேன். அன்று பின்னேரமே வானைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். மூலைப் பல்லுகளைத் திறந்து பார்த்தேன், றப்பர் மடிந்திருந்தது. மாற்றிப் பூட்டித் தொட்டிக்குள் அமத்தினேன். அவர் புதுப் பற்றரி போட்ட டோர்ச்சோடு பக்கத்தில் குந்தினார். நான் வழக்கம்போல் தடவக் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, இனி உம்மட ஓம் வேண்டாம். கையை எடும், நான் பாக்கிறன்."

இத்தனை வருசம் குமிழி பார்த்ததில், என் கண்ணுக்குத் தப்பின பெரிய ஓட்டை நான் சொன்ன அந்த 'ஓம்' ஒன்றுதான்.