‘இல்லை’ சொல்லாத நாலாம் வகுப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. என் கோபத்துக்கு நாற்பது இருக்கும். நாலாம் வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆறு மாதம் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். மாசியில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரைசாணி வந்து பிள்ளைகளைச் சோதிப்பாள். அவள் திருப்தியாக எழுதினால் வேலை நிலைக்கும்.

இல்லையென்றால் ராஜபாளையம். அங்கே என்னை வளர்த்த அண்ணன் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். பருத்தி வியாபாரி, மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். நல்ல மனுஷர் என்றுதான் ஊரே சொன்னது. ஊரில் நல்ல மனுஷர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், எல்லாரையுமா கட்டிக்கொள்ள முடியும்? ஆனால் அண்ணனுக்கு முன்னால் நின்றால் அந்தத் துடுக்கெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. “சோதனை முடியட்டும்ண்ணே, பொறவு பாப்போம்” என்று மட்டும் சொன்னேன். “வேலை நெலைச்சா இரி. நெலைக்கலேன்னா சித்திரையில கல்யாணம்” என்று சொல்லிவிட்டு அவர் வண்டியேறிப் போனார். அன்றிலிருந்து நாள் எண்ணிக்கொண்டுதான் பாடம் நடத்தினேன்.

தை மாதம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அதற்குப் பிறகு வந்தது மறுத்துச் சொல்லும் பாடம். புத்தகத்தில் வாக்கியங்கள் இருக்கும். அவற்றை மறுத்துச் சொல்ல வேண்டும். ‘நாட்’ எங்கே வரும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். முதல் வரிசையில் பலசரக்குக் கடைக்காரர் மகள் உட்கார்ந்திருப்பாள். பதினான்கு பேரில் அவள்தான் கெட்டிக்காரி. அவளை எழுப்பினேன்.

“மை மதர் ஈஸ் அட் ஹோம். அம்மா வீட்டில் இருக்கிறாள். மறுத்துச் சொல்.”

சொல்லவில்லை. பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரி, பானையில் அரிசி இருக்கிறது என்றேன். விளக்கு எரிகிறது என்றேன். வகுப்பே வாயில் கொழுக்கட்டையை அடக்கி வைத்திருந்தது. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேஜையில் பிரம்பால் ஒரு அடி அடித்தேன். அதற்கும் அவள் அசையவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்: “வாத்தியாரம்மா, அம்மா இல்லன்னு சொல்லக் கூடாது. மேல தேவதை ‘அப்படியே ஆகட்டும்’னு சொல்லிட்டுப் போயிரும்.”

போன வருஷம் அவள் தெருவில் காலரா வந்து நாலு வீடுகளில் ஆள் போயிருந்தது. அவள் அம்மா பிழைத்ததே பெரிசு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் “இது வெறும் இலக்கணம், கழுதை!” என்று கத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அவளுடைய அம்மாவும் தெரியவில்லை, தேவதையும் தெரியவில்லை. மூன்று பிள்ளைகளோடு அந்தப் பருத்தி வியாபாரிதான் தெரிந்தார்.

சாயங்காலம் அவள் அப்பாவிடம் முறையிடலாம் என்று கடைக்குப் போனேன். வெறுங்கையோடு பேசக் கூடாதே என்று உப்பு கேட்டேன்.

“உப்பு நாளைக்கு வந்துரும் வாத்தியாரம்மா.”

“அப்போ இப்போ இல்லையா?”

“காலையில வந்துருமே.”

“இருக்கா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“விடிஞ்சா வந்துரும்ங்கேன்ல” என்று சிரித்தபடி கைநிறையப் பொரிகடலையை அள்ளிக் கொடுத்தார். வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பினேன். இந்த அப்பனுக்குப் பிறந்தது வேறெப்படி இருக்கும்! என்னை மட்டும் என்ன சொல்ல? கிறிஸ்தவ வேதக்கார வீட்டில் பிறந்து, தேவதை கீவதை ஒன்றும் கிடையாது என்று பேசுகிறவள்தான் நான். அப்படியும் அடுப்படியில் அரிசி தீர்ந்தால் ‘நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்வேன். வாசலில் ‘போறேன்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை, ‘வாரேன்’தான்.

மறுநாள் இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஒரே கூச்சல். பலப்பம் ஒன்று காணாமல் போயிருந்தது. “நீதான் எடுத்த!” “நான் எடுக்கல!” “நீதான் பொய் சொல்லுத!” “நான் பொய் சொல்லல!” கடைக்காரர் மகள்தான் எல்லாருக்கும் மேலே கத்திக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். என் வகுப்பு மறுக்கத் தெரியாத வகுப்பே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை மறுத்துக்கொண்டேதான் இருக்கிறது.

மணி அடித்ததும் உள்ளே வந்தேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவளைப் பார்த்து, “யூ ஆர் லேசி” என்றேன். சோம்பேறி என்று சொன்னால் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். “ஐ ஆம் நாட் லேசி!” என்றாள், கூரை எகிறும்படி. அடுத்தவளிடம் ‘நீ திருடி’ என்றேன். அதற்கடுத்தவளிடம் ‘உன் எழுத்து காக்காய்க் கால்’ என்றேன். பதினான்கு பேரும் எழுந்து நின்று என்னை மறுத்தார்கள். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மாசியில் துரைசாணி வந்தாள். நரைத்த தலை, வண்டிப் புழுதி படிந்த பாவாடை, களைத்த முகம். பெரிய வாத்தியாரம்மா கை கட்டிப் பக்கத்தில் நின்றார். துரைசாணி புத்தகத்தைப் பிரித்தாள். எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று ஒரு மாதமாக ஜெபித்தேனோ, அந்தப் பக்கமே திரும்பியது. கடைக்காரர் மகளை எழுப்பினாள்.

“மை மதர் ஈஸ் அட் ஹோம்.”

அவள் என்னைத்தான் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. நான் ஒரு முறைப்பு முறைத்திருந்தால் சொல்லியிருப்பாள். எனக்காகச் சொல்லியிருப்பாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“நோ, மேடம்” என்றேன். “அவள் அதைச் சொல்ல மாட்டாள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.” எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் காரணத்தையும் சொல்லி முடித்தேன். பெரிய வாத்தியாரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“பிறகு எதைத்தான் மறுப்பார்கள்?” என்று துரைசாணி கேட்டாள்.

“அவர்கள்மேல் ஒரு குற்றம் சொல்லிப் பாருங்கள், மேடம்.”

துரைசாணி பென்சிலைக் கீழே வைத்தாள். குனிந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, ‘உனக்கு என்னைக் கண்டால் பயம்’ என்றாள் இங்கிலீஷில். “ஐ ஆம் நாட் அஃப்ரெய்ட்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள் அவள். துரைசாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையாக எல்லாரையும் கேட்டாள், எல்லாரும் மறுத்தார்கள். முடிந்தது என்று புத்தகத்தை எடுக்கும்போது கடைக்காரர் மகள் கேட்காமலே மறுபடி எழுந்தாள். “தேர் ஈஸ் நோ காலரா இன் அவர் ஸ்ட்ரீட்” என்றாள். எங்கள் தெருவில் காலரா இல்லை. அந்த வாக்கியத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. துரைசாணி பென்சிலை மறுபடி எடுத்தாள். பிறகு உட்கார்ந்து ரொம்ப நேரம் எழுதினாள். அவ்வளவுதான், ராஜபாளையம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. வேலை நிலைத்தது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். சந்தோஷப்பட்டார், அரை மனதாக. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அப்போ அவியகிட்ட என்ன சொல்ல? அடுத்த வருசம் பாப்போம்னு சொல்லிப்போடுதேன்” என்றார். எங்கள் பக்கத்தில் சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்கிற மரியாதை அதுதான். தலையாட்டினால் போதும்.

“பாப்போம்னு சொல்லாதிங்கண்ணே. மூணு பிள்ளைகள வச்சிக்கிட்டுக் காத்துக் கெடப்பாரு, பாவம். எனக்கு வேண்டாம்னு சொல்லிருங்க.”

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏட்டி, இத இம்புட்டு நாளா எங்க வச்சிருந்த?”

“இம்புட்டு நாளா நீங்க கேக்கவே இல்லையேண்ணே.”

அவர் முகம் சுருங்கியது. பிறகு என் தலையில் கையை வைத்து, “இப்பச் சொல்லிட்டேல்லா? அப்படியே போய்ச் சொல்லுதேன்” என்றார்.